அடிமனை யாருடையது?

சேர்வராயன் மலைக்கு ஏற இரண்டு பாதைகள். கோரிமேடு வழியாக ஒன்று. நம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக இன்னொன்று. சனி, ஞாயிறு வந்துவிட்டால் இரண்டிலும் கார்கள் வரிசை கட்டி ஏறுகின்றன. ஏறுகிறவர்களின் கண்ணில் படும்படி வைக்கிற விளம்பரங்களில் இப்போது ஒரு மோகம் தலைதூக்கி நிற்கிறது. காட்டேஜ் என்கிறார்கள், பாரம்பரியப் பங்களா என்கிறார்கள், பழைய இங்கிலாந்தின் கிராமத்து வீட்டில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள் என்கிறார்கள். சரிந்த கூரை, செங்கல் புகைபோக்கி, கொடி படர்ந்த சுவர், வாசலில் ரோஜாச் செடி. அடடா, என்ன அழகு! வெள்ளைக்காரனுக்கு வீடு கட்டத் தெரிந்தது, நம் ஜனங்களுக்குக் கொட்டாய் போட மட்டும்தான் தெரியும் என்று உச்சுக்கொட்டுகிற கனவான்களும் இருக்கிறார்கள்.

அந்த வீடு அழகானதுதான். அதை நாம் மறுக்கவில்லை. அந்த அழகை உண்டாக்கிய கை யாருடையது? அதில் குடியிருந்தவன் யார்? அந்த வீடு நின்ற அடிமனை யார் பேரில் இருந்தது? இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறவன் சுவருக்கு அடித்த சுண்ணாம்பைப் பற்றித்தான் பேசுகிறான்.

முதலில் கையைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பழைய கிராமத்து வீட்டுக்குக் கொத்தனார் கிடையாது, என்ஜினியர் கிடையாது. தச்சனும் உழவனும் கட்டிய வீடு அது. வளைந்து வளர்ந்த ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து, நெடுக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து நிறுத்தி உச்சியில் கோர்ப்பார்கள். இரண்டு கை கூப்பினாற்போல அது நிற்கும். இப்படி இரண்டு மூன்று ஜோடி நிறுத்தி, முகட்டு வளையை மேலே ஏற்றினால் வீட்டின் எலும்பு தயார். சுவருக்கு? குச்சிகளை வரிசையாக நட்டு, ஹேசல் என்ற புதர்ச் செடியின் விளாறுகளைக் கூடை முடைவது போலக் குறுக்கே பின்னி, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் மாட்டுச் சாணமும் சேர்த்து மிதித்த சேற்றை இரண்டு பக்கமும் அப்புவார்கள். மேலே ஒரு பூச்சு சுண்ணாம்பு. கூரைக்குக் கோதுமைத் தாள். ஆற்றோரத்து ஊர்களில் நாணல்.

நம் ஊர் ஆயாமார் யாரையாவது அழைத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்தினால் என்ன சொல்வார்கள்? ‘இதென்ன அதிசயம், நம்ம கொட்டாய்தானே!’ என்று சொல்லிவிட்டுச் சாணி எங்கே என்று தேடுவார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன், டார்செட் என்று ஜில்லாக்கள் உண்டு. அங்கே தட்டிகூட இல்லை. மண்ணையும் வைக்கோலையும் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றிய முழு மண்சுவர். இரண்டு அடி, மூன்று அடி கனம். கீழே ஈரம் ஏறாமல் கல் அடித்தளம், மேலே மழை இறங்காமல் நீண்ட தாழ்வாரம். மண்வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்சும் இருந்தால் போதும் என்று அந்த ஊர்க் குடியானவர்கள் சொல்வார்கள். நல்ல தொப்பியும் பூட்சும் போட்ட மண்சுவர் நானூறு ஐந்நூறு வருஷம் நின்றுகொண்டிருக்கிறது. மண் என்றாலே கச்சா, சிமிண்டு என்றால்தான் பக்கா என்று நம் அதிகாரிகள் எழுதுகிறார்களே, அவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். நம் கொட்டாய் வருஷா வருஷம் கரைகிறது என்றால் அது மண்ணின் குற்றமா? நாளைக்கே காலி செய்யச் சொல்லக்கூடிய இடத்தில் எவன் கல் அடித்தளம் போடுவான்? எவன் மூன்றடி கனத்துக்குச் சுவர் எழுப்புவான்?

அந்தப் புகைபோக்கி சங்கதியையும் பார்த்துவிடுவோம். ஆதியில் இங்கிலாந்துக் கிராமத்து வீட்டுக்குப் புகைபோக்கியே கிடையாது. வீட்டின் நடுவில் தரையில் அடுப்பு. புகை சுற்றிச் சுற்றிக் கூரை வழியாகப் போகும். டெவனில் சில வீடுகளின் கூரைக்குள்ளே அந்த நாளைய தாள் இன்னும் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கிறது. செங்கல் புகைபோக்கி 16-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அது கிராமத்துக்கு வந்து நிலைத்தபின் மன்னன் சும்மா இருந்தானா? 1662-இல் அடுப்புக்கு வரி போட்டான்! ஓர் அடுப்புக்கு வருஷம் 2 ஷில்லிங். அடுப்பை எண்ணுவதற்கு வரிக்காரன் வீட்டுக்குள்ளே நுழைந்தான். ஜனங்கள் சபித்தார்கள், 1689-இல் எடுத்தார்கள். எடுத்து ஏழே வருஷத்தில், 1696-இல், ஜன்னலுக்கு வரி வந்தது. அது 1851 வரை நீடித்தது. பரம ஏழைகளுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் வரியைத் தட்டிக்கழிக்க வீட்டுக்காரர்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தபோது, இருட்டில் இருந்தவர்கள் அதற்குள் வாடகைக்கு இருந்த ஜனங்கள். இன்றைக்குப் போகிற டூரிஸ்டுகள் அந்த அடைத்த ஜன்னலையும் அழகு என்று போட்டோ பிடிக்கிறார்கள்.

இனி அடிமனை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

இங்கிலாந்துக் கிராமத்தில் வீட்டைச் சுற்றிப் பொது நிலம் இருந்தது. நம் மேய்ச்சல் புறம்போக்கு போல. கூலிக்காரன் அங்கே ஒரு மாட்டைக் கட்டினான், சுள்ளி பொறுக்கினான், வாத்து வளர்த்தான். பிரபுக்கள் பார்லிமெண்டில் உட்கார்ந்துகொண்டு அந்த நிலத்துக்கு வேலி போட்டார்கள். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலிச் சட்டங்கள். போனது 68 லட்சம் ஏக்கர்; இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு! திருட்டு என்றால் இருட்டில் நடக்கும். இது பட்டப்பகலில், கெஜட்டில், முத்திரை போட்டு நடந்தது. மாடு போனது, விறகு போனது. மிஞ்சியது வெறும் வீடு. அந்த வீடும் யாருடையது? பண்ணைக்காரனுடையது. வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால் சட்டி பானையோடு தெருவில். வேலையோடு கட்டிப்போட்ட வீடு என்று அதற்குப் பேரே உண்டு. அந்தக் கட்டை அவிழ்க்கப் பண்ணைத் தொழிலாளர் சங்கம் தலைமுறை தலைமுறையாகப் போராட வேண்டியிருந்தது. பண்ணையாள் வீட்டுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் அந்த நாட்டில் வந்தது 1976-இல்! அத்தனை நாளும் சுவரில் ரோஜா பூத்துக்கொண்டுதான் இருந்தது.

அழகுக்கு என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் டார்செட்டில் மில்டன் ஆபஸ் என்ற கிராமத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் கிராமத்து வீடு என்று காலண்டரில் அச்சடிக்கிறார்களே, அதில் அடிக்கடி வருகிற ஊர். சரிவான ஒரே தெரு, இருபக்கமும் பச்சைப் புல், ஒரே அச்சில் வார்த்தது போல வெள்ளைச் சுவரும் தாள் கூரையுமாக வீடுகள். எப்படி வந்தது இந்த ஊர்? அங்கே முதலில் மிடில்டன் என்று ஒரு பழைய சந்தைப் பட்டணம் இருந்தது. ஜோசப் டேமர் என்ற மில்டன் பிரபு பக்கத்தில் மாளிகை வைத்திருந்தார். தன் ஜன்னலைத் திறந்தால் ஜனங்களின் வீடுகள் கண்ணில் படுகின்றன, காட்சி கெடுகிறது என்று கருதினார். குத்தகை ஒவ்வொன்றாக முடிய முடிய ஊரையே இடித்தார்! ஒரு வக்கீல் வீட்டை விட மறுத்தபோது குளத்து மதகைத் திறந்து தண்ணீரை விட்டார். வக்கீல் கேஸ் போட்டு ஜெயித்தார். வக்கீலுக்குக் கோர்ட் இருந்தது. கூலிக்காரனுக்கு என்ன இருந்தது? 1780 வாக்கில் பிரபுவின் கண்ணில் படாத பள்ளத்தாக்கில் புது வீடுகள் கட்டி, ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பமாக அடைத்தார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் புல்வெளியும் ஏரியும்.

அந்தக் காலண்டர் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில் டால்பட்டில் என்று இன்னொரு கிராமம். அங்கேயும் ஒரு பழைய வீடு இருக்கிறது. தாமஸ் ஸ்டான்ஃபீல்ட் என்ற விவசாயத் தொழிலாளி குடியிருந்த வீடு. பண்ணைக்காரர்கள் வாரக் கூலியை 9 ஷில்லிங்கிலிருந்து 7-ஆகக் குறைத்தார்கள். 6 ஆக்கப்போவதாகப் பேச்சு வந்தது. ஸ்டான்ஃபீல்ட் வீட்டு மாடி அறையில் கூலிக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள், உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். சங்கம் வைப்பது அப்போது சட்டப்படி குற்றமல்ல. ஆகவே ரகசிய உறுதிமொழி எடுத்ததுதான் குற்றம் என்று பழைய சட்டம் ஒன்றைத் தோண்டியெடுத்து, 1834-இல் ஜார்ஜ் லவ்லெஸ் முதலான 6 பேருக்கு 7 வருஷம் தீவாந்தரம் விதித்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். லண்டனில் தொழிலாளர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள்; நாடெங்கும் லட்சக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். 1836-இல் சர்க்கார் பணிந்து மன்னிப்பு வழங்கியது. அறுவரில் ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான் கடைசிவரை ஊரோடு தங்கினார். 1891-இல் அவர் உயிர் விட்டது சொந்த வீட்டில் அல்ல, டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில். நூறாண்டு நிறைவில், 1934-இல், பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் அந்த ஊரில் வயதான விவசாயத் தொழிலாளர்களுக்காக 6 வீடுகள் கட்டின. நினைவுச் சின்னம் என்று சிலை வைக்காமல் வீடு கட்டினார்களே, அந்தப் புத்தியை நாம் மெச்சுகிறோம்.

ஆக, இங்கிலாந்தின் கிராமத்து வீடு என்றால் பிரபுவின் வீடு மட்டுமல்ல தோழர்களே. அது நம்மைப் போன்றவன் கட்டி, நம்மைப் போன்றவன் குடியிருந்து, நம்மைப் போலவே துரத்தப்பட்ட வீடு. நம் மலைக்கு வந்தது அந்த வீடு அல்ல. அவனைத் துரத்தியவனின் வீடு.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினி பறித்துக்கொண்ட சீமையில் நம் சேலமும் ஒன்று. ரீட், மன்றோ என்ற துரைமார் நிலத்தை அளந்து தீர்வை கட்டினார்கள். அதன்பின் வந்த கலெக்டர்களில் ஒருவர் காக்பர்ன். 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து ஊன்றியவர். மலையில் வெள்ளைக்காரன் கட்டிய முதல் வீடு என்று சொல்லப்படுகிற ‘கிரேஞ்ச்’ அவருடையது. கலெக்டர் என்ற சொல்லுக்கு வசூல் செய்கிறவன் என்று பொருள். கிரேஞ்ச் என்றால் இங்கிலீஷில் களஞ்சியம். மடத்துக்குச் சேர வேண்டிய தானியத்தைக் கொட்டி வைத்த பண்ணைக் கட்டடத்துக்கு அங்கே அந்தப் பேர். சமவெளியில் வசூல், மலையில் களஞ்சியம்! பேர் வைத்தவர் யோசித்து வைத்தாரோ யோசிக்காமல் வைத்தாரோ, பொருத்தமாக வைத்தார். 1857-இல் வடக்கே சிப்பாய்கள் எழுந்தபோது அந்த வீட்டைக் கோட்டை போலப் பலப்படுத்தினார்கள் என்பது ஏற்காட்டில் சொல்லப்படும் சரித்திரம். தோட்டத்து வீட்டுக்கு எதற்கு அரண்? யாரைக் கண்டு பயம்? அந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிகள் சாமை விதைத்த சரிவுகளில் காப்பி ஏறியது. மலைக்காரன் தன் மலையிலேயே கூலிக்காரன் ஆனான். சமவெளியிலிருந்து ஏறிப்போன கூலிகளுக்கு வரிசை வரிசையாக லயம் கட்டினார்கள்.

பங்களா என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வங்காளத்து விவசாயியின் கூரைக் குடிசைக்குப் பேர் அது. கும்பினிக்காரன் வங்காளத்தில் இறங்கியபோது வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அந்தத் தாழ்ந்த கூரையையும் சுற்றுத் தாழ்வாரத்தையும் பார்த்துக் காப்பியடித்துத் தனக்குப் பெரிதாகக் கட்டிக்கொண்டான். குடிசையின் பேர் துரைக்குப் போனது. துரையின் பேர் குடிசைக்கு வரவில்லை.

வெள்ளைக்காரன் நம் ஜில்லாவில் கட்டிய இன்னொரு கட்டடமும் பாரம்பரியம்தான். சேலம் மத்திய சிறை. வெள்ளைக்காரன் போனபின், 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி, காங்கிரஸ் சர்க்காரின் போலீஸ் அங்கே சுட்டதில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டார்கள். எந்த டூரிஸ்டு விளம்பரத்திலும் அந்தச் சுவர் வருவதில்லை.

இப்போது நம் கொட்டாய்க்கு வருவோம்.

தஞ்சைச் சீமையில் பண்ணையாள் குடிசை மிராசுதார் மனையில் நின்றது. கூலி உயர்த்திக் கேட்டால் முதல் பதில், ‘மனையைக் காலி பண்ணு’ என்பதுதான். தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடியோடு அந்தச் சேரிகளுக்குள் போனபின்தான் அந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் கிளம்பியது. 1961-இல் குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றத் தடைச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் ராமையா குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப் படி நெல். 1971-இல் அடிமனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. எந்த மந்திரியின் தயாளத்தாலும் வரவில்லை. இங்கிலாந்துக்காரன் 1976-இல் பெற்ற பாதுகாப்பைவிட ஒரு படி மேலான உரிமையை, 5 வருஷம் முந்தி, தஞ்சைத் தொழிலாளியின் போராட்டம் இந்த ராஜ்யத்தில் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. இதை யாராவது பாரம்பரியம் என்று எழுதுகிறார்களா?

சட்டம் புத்தகத்தில் ஏறிவிட்டது; எல்லோர் கைக்கும் வந்துவிட்டதா? மரவள்ளிக் காட்டு ஓரத்தில், பாக்குத் தோப்பு மூலையில், காட்டுக்காரர் இடத்தில் கொட்டாய் போட்டுக்கொண்டு தண்ணீர் பாய்ச்சுகிறவனைக் கேளுங்கள். ஓடைக் கரையில், பாதை ஓரத்தில் குடியிருக்கிறவனைக் கேளுங்கள். ஓடைப் புறம்போக்கு என்றால் ஆட்சேபணைக்குரியது, பட்டா கிடையாது என்று தாலுகா ஆபீசில் பதில் ரெடியாக இருக்கிறது. நல்லது, ஓடை ஓடையாக இருக்கட்டும். மாற்று மனை எங்கே? மலையடிவாரத்திலும் ரோட்டோரத்திலும் காட்டைத் துண்டு துண்டாக்கிக் கல் நட்டு மனை என்று விற்கிறார்களே, அதற்கெல்லாம் மட்டும் நிலம் எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்துக் கிராமத்தில் இல்லாத ஒரு சுவரும் நம் ஊரில் உண்டு. ஊர்த்தெரு ஒரு பக்கம், அருந்ததியர் காலனி ஒரு பக்கம். மதுரை ஜில்லா உத்தபுரத்தில் 1989-இல் நிஜமாகவே கல்லும் மண்ணுமாகச் சுவர் எழுப்பி, 2008-இல்தான் அதில் ஒரு பகுதி இடிந்தது. நம் பக்கத்தில் சுவர் கண்ணுக்குத் தெரியாது. மனை விலைக்குக் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

மில் தோழர்கள் இதைக் காட்டுவேலைக்காரன் பிரச்சினை என்று தள்ளிவிடக் கூடாது. நூல் மில்லின் விடுதியில் தங்கி வேலை செய்கிற பெண்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள்? கேட்டுக்குச் சாவி யாரிடம்? இயந்திரத்துக்கும் பாய்க்கும் ஒரே முதலாளி என்றால் சங்கத்துக்குப் பேர் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951-இல் சட்டம் செய்தார்கள். வீடு தரச் சொன்னார்கள், மனையைத் தரச் சொல்லவில்லை. அதன் பலனை மாஞ்சோலையில் பார்த்தோம். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929 முதல் 99 வருஷக் குத்தகையில் கம்பெனி ஆண்ட தோட்டம் அது. 2024-இல் கம்பெனி வேலையை நிறுத்தியது. நாலு தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்களிடம் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலையோடு கட்டிப்போட்ட அதே வீடு!

நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள்: வீட்டுக்குச் சொந்தக்காரனானால் தொழிலாளிக்கு விடுதலை வந்துவிடுமா? எங்கெல்ஸ் 1872-இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது இந்த மயக்கத்தை உடைத்தாரே? நியாயமான கேள்வி. ஜெர்மனியில் சொந்தக் குடிசையும் காய்கறிக் கொல்லையும் வைத்திருந்த வீட்டுத் தொழிலாளிக்குத்தான் மிகக் குறைந்த கூலி கிடைத்தது. சோற்றில் பாதி கொல்லையில் விளைகிறதே என்று முதலாளி அந்தப் பாதியைக் கூலியில் பிடித்துக்கொண்டான் என்று அவர் காட்டினார். சேலத்துக் கைத்தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வீடு சொந்தம், தறிக்குழி சொந்தம். பாவும் ஊடையும் வேறொருவருடையவை, கூலியை நிர்ணயிப்பதும் அவரே. மூன்று சென்ட் மனை சோஷலிசம் அல்ல. ஆனால் கூலி கேட்ட அன்று இரவு பிள்ளை குட்டியோடு படுக்க இடம் இருக்கிறதா இல்லையா என்பது ஸ்டிரைக்கின் கழுத்தெலும்பு. டால்பட்டில் அறுவர் கப்பலேறியபின் அவர்கள் பெண்டு பிள்ளைகள் எந்தக் கூரையின் கீழ், எவன் தயவில் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் புரியும்.

சர்க்கார்தான் வீடு கட்டித் தருகிறதே என்பார் இன்னொருவர். கலைஞர் கனவு இல்லம் என்று 2024-இல் அறிவித்தார்கள்: 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். வீடு கட்டட்டும், வரவேற்கிறோம். ஆனால் மனுவோடு முதலில் கேட்கிற காகிதம் எது? பட்டா! மனை உள்ளவனுக்கு வீடு. மனை இல்லாதவனுக்கு அடுத்த தேர்தல். யாருக்கு வீடு அவசரமோ அவனே வரிசையில் நிற்கக்கூட முடியாது.

இந்த வருஷ ஜமாபந்திக்கு முன்னால் நம் ஒன்றியத்தில் ஒவ்வொரு கிளையும் செய்ய வேண்டிய வேலை தெளிவு. கொட்டாய் கொட்டாயாகப் போய்ப் பேர் எழுத வேண்டும். எத்தனை வருஷமாகக் குடியிருப்பு, யார் இடம், சர்வே நம்பர் என்ன என்று குறிக்க வேண்டும். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எது இருந்தாலும் நகல் எடுத்துச் சேர்க்க வேண்டும். காட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பேர் கொடுக்கத் தயங்குகிறவனிடம் இரண்டாம் முறையும் போக வேண்டும், ராத்திரியில் போக வேண்டும். ஓடைப் புறம்போக்குக்காரர்களின் மனு தனிக்கட்டாக, மாற்று மனை கேட்டு. பக்கத்தில் எந்த சர்க்கார் தரிசு காலியாகக் கிடக்கிறது என்று விசாரித்து அதையும் மனுவிலேயே எழுத வேண்டும். அதிகாரி தேடிக் கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தால் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். மனுவைத் தனித்தனியாக நீட்ட வேண்டாம். எல்லோரும் ஒரே நாளில், கொடியோடு வருவோம். ரசீது வாங்காமல் யாரும் திரும்பக் கூடாது.